மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

அறுபதுகளில், கல்யாணமான மூன்றாம் மாதம், மெட்ராஸிலிருந்து மனைவியைச் செஞ்சிக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போனேன். ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆழமான பிளவின் மேல் கிடந்த மரப்பாலத்தைக் கண்டு அவள் தயங்கினாள். "நான் இருக்கும்போது என்ன பயம்?" என்று சிகரெட் பற்றவைத்தேன். தலைக்கு மேலே பாறையில் தேனடை தொங்கியதைக் கவனிக்கவில்லை.

புகை பட்டதும் தேனீக்கள் இரைந்துகொண்டு இறங்கின. அவள் கையை உதறிவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடினேன். அந்தப் பக்கத்து மண்டபத்துக்குள் புகுந்த பிறகுதான் அவள் அலறல் காதில் விழுந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

அவள் நின்ற பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "ஓடாத பொண்ணே, குந்து!" என்று கத்தியபடி வந்து, தன் கோணிச் சாக்கால் அவளை மூடி அணைத்துக்கொண்டாள்.

எல்லாம் அடங்கியதும் போனேன். அந்த அம்மாளின் கைகள் வீங்கியிருந்தன. "நீ இன்னா, இவ புருசனா?" என்றாள்.

வீட்டில் என் அம்மா பதறியபோது, வீங்கிய முகத்தோடு மனைவி சொன்னாள்: "இவர்தான் அத்தை, என்னை மூடிக் காப்பாத்தினார்."

ஒரு கொட்டுகூடப் படாத என் முகத்தை அம்மா பார்த்தாள். நான் அதை மறுக்கவில்லை. உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன். முதலில் படிக்கப்போவது என் மனைவிதான்.