நான் சொல்லும் வரை கையை இறக்காதே

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் வீட்டில் சும்மா கிடக்க வேண்டியதுதானே என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. "கப்பல்ல இருக்கும்போதுதான் ஆளைக் கண்ணுல காங்கல. இப்பவும் விசிலை மாட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சா? முட்டுக்குத் தைலம் தேய்க்க மட்டும் நான் வேணும்" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க என்னால் முடிந்ததில்லை.

எங்கள் குழு சின்னது. என்னைப் போல் படையிலிருந்து வந்த சிலர், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சிலர். அருவியில் குளிக்கத் தடை என்று அறிவித்துவிட்டால் வந்த ஜனம் அப்படியே திரும்பிப் போய்விடுமா என்ன? கீழே சிற்றாற்றில் இறங்கும். அங்கேதான் நாங்கள் நைலான் கயிறும் காற்றடைத்த லாரி டியூபுமாக நிற்போம். தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் மலையில் மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லோரையும் கரையேற்ற வேண்டும். லேசில் ஏற மாட்டார்கள். "நீரு யாருவே? ஆத்தை வெலைக்கு வாங்கிட்டீரோ?" என்று ஒருவன் கேட்டான். கப்பலில் கற்ற நல்ல வார்த்தைகள் நாலு என் வாயில் வந்தன. இங்கே எழுத முடியாது.

அன்றைக்கும் சருகு வந்தது. விசில் ஊதினேன். கத்தினேன். ஏறக்குறைய எல்லோரும் ஏறிவிட்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். அவரும் ஏறிவிட்டார். ஏறின மனுஷன் சட்டையை ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் விட்டுவிட்டதைப் பார்த்தார். சட்டைப் பையில் பாழாய்ப்போன செல்போன். "இந்தா வந்துட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நான் திரும்புவதற்குள் இறங்கிவிட்டார். பாறைக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பத்தான் ஆறு விடவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

கரையில் ஒரே கூச்சல். ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். அவர் மனைவி மட்டும் அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்கு ஆள் தெரிகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"தாயி, கையை நீட்டு! அவரு எங்க இருக்காருன்னு காட்டு! கண்ணை எடுக்காத. நான் சொல்லுத வரைக்கும் கையை இறக்காத!"

இது நானாக யோசித்துச் சொன்னது இல்லை. கப்பலில் ஒருவன் கடலில் விழுந்துவிட்டால் முதலில் பார்த்தவனுக்கு அதுதான் வேலை. கையை நீட்டி விழுந்தவனையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மிதவையைப் போடுவது, படகை இறக்குவது எல்லாம் மற்றவர்கள் பாடு. இவன் கண்ணைச் சிமிட்டக்கூட யோசிக்க வேண்டும். கடலில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். ஒரு தடவை தவறவிட்டால் அப்புறம் கிடைக்காது. கப்பல் பெரிய வட்டமடித்துத் திரும்பி வரும்வரை அந்தக் கை ஒன்றுதான் வழி சொல்லும்.

நானும் ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறேன். விழுந்தவன் எங்கள் சமையல்காரன். ஹிந்தியில் என்னைக் கேலி செய்துகொண்டே எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போடுகிறவன். கொஞ்ச நேரம் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கை நீட்டியபடி வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றேன். கையை இறக்கினால் தேடுவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண் கையை நீட்டினாள். அவள் காட்டிய திக்கில் பார்த்தோம். கரையோரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த மருதமரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கினார். அவள் காட்டியிராவிட்டால் அந்த இலைக்குள் ஆள் இருப்பதே தெரிந்திருக்காது. கயிற்றை வீசினேன். எட்டவில்லை. மறுபடி வீசினேன். ஒரு கையால் பிடித்துவிட்டார். "விட்டுராதேயும்வே! விட்டுராதேயும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு பெரிய மரத்துண்டு உருண்டு வந்தது. கயிறு லேசாகிப் போயிற்று. கிளையிலும் ஆள் இல்லை.

ஓடினோம். இந்த முட்டுவலியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கரையெல்லாம் முள், வழுக்கல். கீழே சின்னப் பாலத்துத் தூணில் அவர் சிக்கிக் கிடந்தார். தீயணைப்பு வண்டியும் அங்கே வந்துவிட்டது. தூக்கிப் போட்டு நெஞ்சை அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடவுளைக் கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். தீயணைப்புக்காரர் என் தோளைத் தொட்டு, "போதும் அண்ணாச்சி. எப்பமோ போயிட்டாரு" என்றார். ஆம்புலன்சில் ஏற்றினார்கள். "இவருகூட வந்தது யாரு?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எதிரே எங்கள் குழு ஆட்டோக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணாச்சி, அந்த அக்கா நின்ன எடத்தை விட்டு வரமாட்டக்காவ. கையைத் தொட்டா அடிக்க வாராவ. நீங்க சொல்லணுமாம்."

மழை பிடித்துக்கொண்டது. போனேன். அவள் அதே இடத்தில், அதே மரத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். வலது கை நீட்டியபடியே இருந்தது. இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். யாரோ குடை பிடித்திருந்தார்கள். மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் குடைக்கம்பி வந்ததற்காக அவரைத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

என் காலடிச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. "அண்ணாச்சியா? எல தழையா மறைக்குது, ஆளு சரியாத் தெரியல. ஆனா கண்ணை எடுக்கல. இன்னும் கையை நீட்டிக்கிட்டே நிக்கணுமா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அதிகாரி செய்ததுதான். அவள் முழங்கையைப் பிடித்தேன். "போதும் தாயி. கையை இறக்கிரு."

"அப்பாடா!" என்றாள். கை பொத்தென்று விழுந்தது. தோளைத் தேய்த்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு. "கையே மரத்துப் போச்சு அண்ணாச்சி. அவுகளை எங்க உக்காத்தி வச்சிருக்கிய? நாலு ஏச்சு ஏசுனாத்தான் அவுகளுக்குப் புத்தி வரும். ஒரு போனுக்காகப் போவாகளா மனுசரு?"

நாசமாய்ப் போனவன் நான். கையை இறக்குவதற்குக் கப்பலில் இரண்டு காரணம் உண்டு. ஒன்று ஆளை மீட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டிருக்க வேண்டும். இரண்டாவதை அவளிடம் யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா? கரையேற்றியாயிற்று, அதனால்தான் இறக்கச் சொல்லுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறெப்படி நினைப்பாள்?

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னைத் தவிர யாரும் சொல்லப் போவதில்லை.

"தாயி," என்றேன், "பாலத்துப் பக்கம் கண்டெடுத்தோம். உசுரு இல்ல."

அவள் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. என் வாயையே பார்த்தாள். பிறகு மரத்துப் பக்கம் திரும்பி, இடது கையால் முழங்கையைத் தாங்கி, அந்த வலது கையை மறுபடியும் மெல்லத் தூக்கினாள்.

"இல்ல அண்ணாச்சி. அங்கனதான் இருக்காக, பாருங்க. நான்தான் கையை இறக்கிட்டேன்."