மிச்சம் இருந்த இருபத்திரண்டு

கண்ணாடிக் கடையில் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது பில் போடும் பெண். கடைக்குள் நாலு பக்கமும் நிலைக்கண்ணாடி, நடுவில் கண்ணாடி மேசை, மேசைக்குள் வரிசை வரிசையாக மூக்குக்கண்ணாடிகள். ஒருத்தியே அத்தனையையும் துடைத்து வைத்தாள். ஒரு விரல் ரேகை விடமாட்டாள். போட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறவர்களின் பவுடரும் வேர்வையும் மூக்குப் பட்டையில் ஒட்டியிருக்கும்; மெத்தென்ற துணியால் ஒத்தி ஒத்தி எடுப்பாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடுகிற ஆட்களும் வருவார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, உச்சந்தலையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க" என்பாள்.

வயது ஐம்பத்து மூன்று. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. பார்க்கலாம், படிக்க முடியாது.

அவள் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இருபத்தாறு வருஷம் சொன்ன குரல் அது. ஆளைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. காய்கறிக் கடையில் நின்று "கால் கிலோ கொடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். "சார், நீங்க பஸ் ஸ்டாண்டுதானே?" அவருக்கு அதில் ஒரு பெருமை. வீட்டிலும் அதே விளையாட்டுதான். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், உள்ளேயிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "சமையலறையிலிருந்து கூடம் வழியாக மார்க்கெட் செல்லும் வீட்டம்மாவின் கவனத்திற்கு. குடையை மறந்துவிட்டுச் செல்கிறீர்கள்."

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடக்கூட இல்லை. நேராக மொட்டை மாடிக்குப் போய், கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் போன்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"இருக்கிறப்பவே பேசி வெச்சுடறேன். அப்புறம் நீ பாட்டுக்கு, 'என் புருஷன் வாயே திறக்க மாட்டேங்கிறார்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவே."

"போங்க. வர்ற வழியெல்லாம் இதையே பேசி என்னை அழ வெக்கறீங்க."

"கீழ போ. நீ கேட்டா எனக்குப் பேச்சு வராது."

அன்றிலிருந்து ஆபரேஷன் நாள்வரை தினம் ஒன்று. மொத்தம் முப்பத்தாறு. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் போனை அவள் கையில் கொடுத்து, "நான் இருக்கிறவரைக்கும் இதைக் கேட்காதே. எனக்கு வெட்கமா இருக்கும். இது உனக்கு மட்டும்தான், நம்ம பொண்ணுக்குக்கூடக் கிடையாது" என்றார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாக முழுசாகப் பேசியது.

அதற்கப்புறம் பதினோரு மாதம் இருந்தார். பேச வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டினார். மூன்று நோட்டு நிரம்பியது. "தண்ணி." "ஃபேனைக் குறை." "நீ சாப்பிட்டியா." ஒரு பக்கத்தில் "குடை" என்று மட்டும் இருக்கும். பிறகு ஒருநாள் விடிகிற நேரத்தில், கடவுள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, முகம் கழுவி, கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, முதல் பதிவைப் போட்டாள். போனை இரண்டு தடவை விரலால் தட்டுகிற சத்தம். அப்புறம் மைக் பழக்கத்தில் அவர் கேட்கிற கேள்வி: "கேட்குதா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. "கேட்குதுங்க."

முதல் பதிவு கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது என்பதைப் பற்றி. இரண்டாவது, குழாய் ஒழுகினால் வாஷர் எந்த டப்பாவில் இருக்கிறது என்று. ஒன்றில் அவள் அக்காவைக் குரல் மாற்றிக் கிண்டல் செய்திருந்தார். ஒன்றில் மழை பிடித்துக்கொண்டு, "இரு, இரு, துணி நனையுது" என்று ஓடுகிற சத்தம் மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்தான். ஆனால் தீர்ந்து போய்விட்டால்? வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள். ஞாயிறு நாலு மணிக்கு ஒன்று. கேட்டதைக்கூட மறுபடி போடமாட்டாள். அந்த வாரம் முழுக்க அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே கண்ணாடி துடைப்பாள்.

பதினாலாவது பதிவின் முடிவில் அவர் சிரித்தார். "நம்ம கல்யாணத்தன்னிக்கு ஒரு கூத்து நடந்துது. உனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. உங்கப்பாவுக்கு பயந்து சொல்லாம விட்டேன். நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு என்றால் அவளுக்கு அடுத்த ஞாயிறு. விரல் பதினைந்தாவதின் மேல் போய் நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அந்த வாரம்தான் போன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வெளியூரில் இருக்கிற மகள் கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுத்தால் பேச்சு கேட்காது. அமுக்கினால் அரை நிமிஷம் யோசிக்கும். "அம்மா, உன் போனுக்கு வயசாயிடுச்சு, கடையில காட்டு" என்று மகள் சத்தம் போட்டாள். போன் ரிப்பேர் செய்கிறவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள எல்லாம் ரொம்பி வழியுதும்மா. மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போட்டாத்தான் ஓடும். வேணுங்கறதை ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுட்டு வாங்க."

கடையில் பில் போடும் பெண்ணிடம் கேட்டாள். "போன்ல இருக்கறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா என்ன பண்ணணும் கண்ணு?"

பெண் ஒரு கையால் பில் அடித்துக்கொண்டே சொன்னாள். "சார்ஜ் போடற ஒயர்தான்க்கா. அந்த முனையைச் சுவர்ல சொருகறதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல சொருகணும். நாளைக்குக் கொண்டாங்க, நான் ஏத்தித் தரேன்."

"இல்ல, சும்மாத்தான் கேட்டேன்" என்று பளிச்சக்கா நகர்ந்துவிட்டாள். நல்ல பெண்தான். ஆனால் ஏற்றும்போது ஒன்று வாய் தவறிப் பேசிவிட்டால்? கல்யாணத்தன்றைக்கு நடந்த கூத்தை வேறொருத்தர் முதலில் கேட்பதா? உனக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே.

மறுநாள் காலை, சாவி அவளிடம் இருந்ததால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் அந்தப் பெண் வருவதற்கு முன்னால் அவள்தான் பொத்தானை அமுக்கி வைப்பாள். ரகசிய எழுத்துக் கேட்டுக்கொண்டு திரை நின்றது. அதற்கு மேல் அவள் போனதில்லை. ஒயரின் ஒரு முனையைப் போனிலும், இன்னொன்றைக் கம்ப்யூட்டரிலும் சொருகினாள். டிங் என்று ஒரு சத்தம். அப்பாடா, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிறது என்று நினைத்தாள்.

போனில் ஒரு கேள்வி வந்தது. இங்கிலீஷில் ஒரு வரி, கீழே இரண்டு சொல், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

அவளுக்குப் பயமே இல்லை. இதை அவர் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார். "போன் தெரியாத கேள்வி ஏதாவது கேட்டா, இடது பக்கம் இருக்கறதை அமுக்கு. அது 'வேண்டாம்'. வலது பக்கம் அமுக்கினா, எவனாவது உள்ள பூந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவான்."

இடது பக்கம் அமுக்கினாள்.

கேள்வி மறைந்தது. அதற்குப் பதில் ஒரு சின்ன டப்பா படம் வந்தது. வீட்டில் ராத்திரி சுவரில் சொருகிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறவள், அதை இதுவரை கவனித்ததில்லை. அடியில் பச்சை, பக்கத்தில் முப்பத்தொன்று. எண் அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்திரண்டு ஆனது. பச்சை ஒரு நூல் ஏறியது. ஏறுகிறது! முப்பத்தாறு பதிவில் எது இப்போது ஏறிக்கொண்டிருக்கும் என்று யோசித்தாள். சிலிண்டரா, அக்காவா? மேசைக் கண்ணாடியைத் துடைத்தாள், வந்து பார்த்தாள். ஐம்பது. வாசலைக் கழுவினாள், கை ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தாள். எழுபத்து நாலு. பில் போடும் பெண் அன்றைக்கு வரத் தாமதமாகி, முதல் வாடிக்கையாளர் வந்தபோது மேலே ஒரு துணியைப் போட்டு மறைத்து வைத்தாள். அந்தப் பெண் வருவதற்குள் நூறு ஆனதும், பச்சை முழுசாக நிரம்பியதும், "கடவுளே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஒயரை மெல்லப் பிடுங்கினாள்.

போனைத் திறந்து பார்த்தாள். பதிவுகள் அங்கேயும் இருந்தன. இருக்கத்தானே செய்யும், ஜெராக்ஸ் எடுத்தால் அசல் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ரிப்பேர் கடையில் கொடுத்தாள். "எல்லாம் ஏத்திட்டீங்களாம்மா? அழிச்சா வராது."

"ஏத்திட்டேம்பா. நூறும் ஏறிடுச்சு."

அவர் எதையோ அமுக்கினார். கால் மணி நேரத்தில் போன் புதுசு மாதிரி ஆகித் திரும்பி வந்தது.

ஞாயிறு கடை விடுமுறை. அன்று நாலு மணி சும்மாதான் போனது. ஒரு நாள் பொறுத்துக்கொண்டால் என்ன என்று இருந்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாகப் பில் போடும் பெண்ணிடம் போய் நின்றாள்.

"கண்ணு, போன வாரம் உன் கம்ப்யூட்டர்ல என்னோட பதிவு கொஞ்சம் ஏத்தி வெச்சேன். கோவிச்சுக்காதே. அதைத் திரும்ப இதுல போட்டுக் கொடு. காதுல மட்டும் வெச்சுக் கேட்காதே."

"நீங்களா ஏத்தினீங்க? அட, பளிச்சக்கா! என் வேலைக்கே உலை வெச்சுடுவீங்க போலிருக்கே!" சிரித்துக்கொண்டே தேடினாள். ஒரு பெட்டியைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "எதுல போட்டீங்கக்கா?"

"எதுலன்னா? ஒயரைச் சொருகினேன். பச்சை ஏறிச்சு. முப்பத்தொண்ணுலேர்ந்து நூறு வரைக்கும்."

பெண்ணின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா... அது சார்ஜ்."

"என்னது?"

"பேட்டரிக்கா. கரண்ட் ஏறினது. ஒயர் ஒண்ணுதான், ஆனா அதுல கரண்டும் போகும், பதிவும் போகும். கரண்ட் தானாப் போகும். பதிவு போகணும்னா போன் முதல்ல கேட்கும், 'இந்தக் கம்ப்யூட்டருக்குக் காட்டலாமா'ன்னு. சரின்னு சொன்னாத்தான் இங்க தெரியும். அப்புறம் நான் அதை எடுத்து இதுல வெக்கணும். கேள்வி வந்துதா?"

"வந்துது."

"என்ன அமுக்கினீங்க?"

"இடது பக்கம்."

பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ரிப்பேர் கடைக்குப் போன் போட்டாள், அவரிடம் கெஞ்சினாள், கோபப்பட்டாள், கடைசியில் "சரிங்க" என்று வைத்தாள். அந்தச் "சரிங்க"விலேயே பளிச்சக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்க்கா இடது பக்கம்? யாருக்கா சொன்னது?"

பளிச்சக்கா போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சொல்லியிருக்கலாம். ஆனால், செத்துப்போன மனுஷன் மேல் ஒரு குற்றம் விழுமே. அவர் அவளைக் காப்பாற்றத்தானே சொன்னார்.

"யாரும் சொல்லலை. நானாத்தான் அமுக்கினேன். எனக்கு என்ன தெரியும்."

"நான் அன்னிக்கே விடாம வாங்கி ஏத்திக் கொடுத்திருக்கணும்" என்று பெண் அழுதாள். பளிச்சக்கா தன் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்துக் கொடுக்கப் போனாள். அழுக்கு என்று நினைத்து அதை மடித்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ என்ன பண்ணுவே. எழுந்திரு, ஆள் வராங்க பாரு."

வந்தவர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடினார். பளிச்சக்கா உச்சியைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க, கேட்ட பதினாலையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வார்த்தை வந்தது. மழையில் ஓடின சத்தம் வந்தது. அவர் குரல் மட்டும் நாளுக்கு நாள் தன் குரல் மாதிரியே கேட்க ஆரம்பித்தது. கல்யாணத்தன்று என்ன நடந்திருக்கும் என்று நூறு விதமாக நினைத்துப் பார்த்தாள். எதை நினைத்தாலும் அதில் அவர் சிரிப்பு ஒட்டவில்லை. ஆண்டவனிடம் அவள் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் இப்போது உன் பக்கத்தில்தானே இருக்கிறார், நீயாவது அந்தக் கதையைக் கேட்டுக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலு மணிக்கு முகம் கழுவினாள். கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றாள். பழக்க தோஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். போன் இப்போது நன்றாக ஓடியது, தொட்டதும் திறந்தது. பதிவு இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி போட்டார்கள். நின்றது. மாடிக் கொடியில் துணி படபடத்தது.

விரலால் போனை இரண்டு தடவை தட்டினாள். காத்திருந்தாள்.

"கேட்கலீங்க" என்றாள்.