அக்கா படித்த ஆபீஸ் இங்கிலீஷ்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் குடும்பத்தில் பலர் உண்டு. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், மங்களூரில் விசைப்படகு, ஷார்ஜாவில் சலவைக்கடை, கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டு என்று எங்கும் நிலைக்காமல் அலைந்தவன். இருந்தாலும் நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

காரணம், அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு. அதில் "தம் விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகி ஓய்வு பெற்றார்கள்" என்று ஒரு வரி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். எழுதியவர் பெரியப்பா மகன் அண்ணன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. பிறகு கேட்டபோது, "எழவு வீட்டுல அதெல்லாம் எதுக்குலே? கேக்க மரியாதையா இருக்கணும்லா" என்றார். அக்கா விலகவில்லை. வெளியே தள்ளினார்கள். அது எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குழித்துறைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில். அப்பா சந்தையில் சுமை தூக்கினார். அக்காவுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது அப்பா இறந்தார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. நான் சிறுவன். சொந்தக்காரர் வீடுகளுக்குத் துட்டி சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல, ஆண்கள்தான் போவது வழக்கம். அன்று ஆள் இல்லாததால் அக்கா போனார்.

துட்டி சொல்ல ஒரு முறை உண்டு. வாசலில் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. அவர்கள் சிரித்துக்கொண்டு "வா" என்று சொல்லி முடிப்பதற்குள் செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நாம் அதைக் குடித்துவிட்டு, அதன் பிறகு சாவைச் சொன்னால் அது அவர்களை ஏமாற்றியதாகும். அத்தை வீட்டில் நடந்ததை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். "வா பிள்ளே, கேறி இரி, வெள்ளம் எடுக்கட்டா?" என்று தண்ணீர் எடுக்க அத்தை செம்போடு திரும்பியிருக்கிறார். அக்கா படியில் ஏறாமலே, "அத்தே, அப்பா செத்துப்போயிட்டாவ. சாயந்திரம் அடக்கம்" என்றாராம். அத்தை செம்பைக் கீழே போட்டாராம். ஆனால் அடக்கத்துக்கு முன்பாக வந்து சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருடமே அக்கா அண்டி ஆபீசுக்குப் போனார். வெளியூர் உறவினருக்காகச் சொல்கிறேன், முந்திரிப்பருப்பு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் தோல் உரியும். சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அந்தக் கையோடு அக்கா பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறினார். உடைப்பிலிருந்து மேஸ்திரி, மேஸ்திரியிலிருந்து ஆபீஸ் நாற்காலி என்று ஏற இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். நான் எங்கெங்கோ போய் வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் சோறு போட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலை கைமாறியது. புது நிர்வாகம் வெளிமாநிலம். ஆபீசில் இருப்பவர்கள் பிசினஸ் இங்கிலீஷ் படித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் உடைப்புக்கே திரும்ப வேண்டும் என்றார்கள். நாற்பத்தைந்து வயதில் அக்கா மறுபடியும் மாணவி ஆனார். குழித்துறையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள்.

முட்டியில் அடிபட்டு நான் வீட்டில் கிடந்த காலம் அது. சாளை மீன் கழுவிக்கொண்டே அக்கா வார்த்தைகளை உருப்போடுவார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஷார்ஜாவில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் "அண்டர் ப்ராசஸ்" என்று சொன்ன முதலாளியின் முகம் நினைவுக்கு வரும்.

"என்னவாக்கும் அது, சர்க்கிள் பேக்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெறவு பேசுவோம்னு அர்த்தம்."

"பெறவு பேசுவோம்னு சொன்னா வாயி வலிக்குமா?"

"பெறவுன்னா எப்போன்னு கேப்பாவல்லா. இப்பிடிச் சொன்னா கேக்க மாட்டாவ."

"நல்ல படிப்பு. திருடனுக்குப் படிச்சுக் குடுக்கது."

"ஒனக்கென்ன தெரியும்? மீன் செதிலெடு."

அக்கா இங்கிலீஷை வெறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆசையாகத்தான் படித்தார். ஒவ்வொரு சொல்லையும் அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லி, பிள்ளைக்குச் சட்டை போட்டுப் பார்ப்பதுபோல் சரிபார்ப்பார். முகம் மாறி வந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று பாடம், கெட்ட செய்தி சொல்வது எப்படி. முதலில் நன்றி சொல்ல வேண்டுமாம். பிறகு நிறுவனத்தின் கஷ்டம். நடுவில் எங்கேயோ செய்தி. கடைசியில் வாழ்த்து. ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புவதாக அக்காவை நடிக்கச் சொல்லியிருக்கிறார் அந்த ஆசிரியர். அக்கா எழுந்து, "உனக்கு வேலை இல்லை, மன்னிக்கணும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வகுப்பே சிரித்ததாம்.

"முதல்ல மெத்தைய விரிக்கணும் மேடம், பெறவுதான் தள்ளணும்னாரு அந்த சாரு" என்றார் அக்கா. "அப்பா துட்டிய நான் அப்பிடிச் சொல்லியிருந்தா, அத்த இப்பவும் எனக்கு வெள்ளம் எடுத்துட்டுதான் நிப்பாவ."

இருந்தாலும் தேறினார். வகுப்பில் அவர் படத்தைப் போட்டு ஃபிளக்ஸ் அடித்துத் தெருவில் தொங்கவிட்டார்கள். ஆலையில் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். எனக்கும் அங்கேயே மூட்டை ஏற்றும் வேலை வாங்கிக் கொடுத்தார். அதனால் அடுத்து நடந்ததை நானே பார்த்தேன்.

ஆலையை மூட நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. உடைப்புப் பெண்களிடம் சொல்லும் பொறுப்பு அக்காவுக்கு. ஆலை புதுப்பிக்கப்படுகிறது, இது ஒரு வாய்ப்பு, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பதிவுக்கு வசதி என்று மென்மையாகத் தமிழில் சொல்ல வேண்டும். தாளில் இருந்தது வேறு. சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், எந்த உரிமையும் கேட்க மாட்டேன் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். அதை முழுதாக வாசித்துப் புரிந்துகொள்ள அக்காவுக்கு அந்த வகுப்புதான் உதவியது.

சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பின்னால் நின்றார். அக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.

"ஆபீசப் பூட்டப் போறாவ" என்றார் அக்கா. "இந்த மாசத்தோட நம்மள்ல ஒருத்திக்கும் வேல இல்ல. நீங்களா போறதா இந்தத் தாள்ல எழுதியிருக்கு. யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

உடைக்கிற சத்தம் நின்றது. தமிழ் தெரியாத மேனேஜர் அந்த அமைதியைப் பார்த்துத் திருப்தியாக, "டன்?" என்று கேட்டார். அக்கா திரும்பி, "சார், ஐ டோல்ட் தெம் தி ட்ரூத். ஐ டோல்ட் தெம், டோன்ட் சைன்" என்றார். அக்கா பேசிய இங்கிலீஷில் எல்லா வார்த்தையும் எனக்குப் புரிந்தது அன்று மட்டும்தான்.

அன்று மாலையே அக்காவுக்கும் எனக்கும் வேலை போயிற்று. அக்காவின் நீக்கக் கடிதம் நன்றியில் தொடங்கி வாழ்த்தில் முடிந்தது. பெண்கள் கையெழுத்துப் போடவில்லை. ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தார்கள், சேர வேண்டியது பெரும்பாலானவர்களுக்குச் சேர்ந்தது. ஆனால் ஆலை பூட்டியது பூட்டியதுதான். கூட வேலை பார்த்த தங்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று கத்தினார். "வேற பிராஞ்சில எனக்கு எடம் தாரேன்னு சொல்லியிருந்தாவட்டி! ஒனக்க நேர்மையக் கொண்டுபோய் உலையில போடு!" தங்கம் போன பிறகு அக்கா, "அவளுக்கு அந்த எடம் கெடச்சிருக்கவும் செய்யும், மக்கா" என்றார்.

அந்த ஃபிளக்ஸ் மட்டும் தெருவில் தொங்கிக்கொண்டே இருந்தது. கிழிக்கப் போனேன். "விடுலே, போட்டோ கொள்ளாம்லா, நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

அதன் பிறகு வீட்டுத் தையல் வேலைதான் அக்காவுக்கு வருமானம். கூடவே இன்னொன்று நடந்தது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கம்பெனி அனுப்பிய செய்தி, ஏஜென்சி அனுப்பிய பதில். அக்கா திரை முழுவதும் வாசிப்பார். நன்றி, வருத்தம், வாய்ப்பு எல்லாவற்றையும் தாண்டி, நடுவில் ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பார். பிறகு ஒரே வரியில் சொல்வார். "லீவு கெடைக்காது." "வேல போச்சு, டிக்கெட்டுக்கு வழி பாருங்க." "இவன் ஏமாத்துகான், பணம் கட்டாதீங்க." அழுகிறவர்கள் அழுவார்கள். அழுது முடித்து, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா தண்ணீர் கொடுப்பார்.

கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. வலியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வலித்தது. இறப்பதற்கு முந்தைய வாரம்கூட ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கே ஃபோனோடு வந்தார். நான் விரட்டினேன். அக்கா கையை நீட்டி வாங்கினார்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கும், முறைவைத்து இரவில் துணையிருந்த அண்டி ஆபீஸ் பெண்களுக்கும், சபை மக்களுக்கும், கல்லறைத் தோட்டத்தில் மழையோடு நின்றவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. வாழ்க்கைக் குறிப்பு எழுதிய அண்ணனுக்கும் நன்றி. அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மலர்வளையம் அனுப்பிய நிர்வாகத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன். அதை ஆற்றில் போட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம். இப்போதும் வாரத்தில் யாராவது ஒருவர் ஃபோனோடு வீட்டுப் படியேறுகிறார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்களில் இங்கிலீஷ் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அக்காவுக்காக ஏதாவது செய்ய நினைத்தால் இனி மாலை கொண்டுவர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் வந்து உட்காருங்கள். சாயா நான் போட்டுத் தருகிறேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, உள்ளதைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தம்பி