துவைக்கக் கூடாத சட்டை

வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை அவளிடம் விட்டுப் போவார்கள். அதனால் தெருவில் அவளுக்கு நாய்க்கார அக்கா என்றே பெயர். மாடியில் இரண்டே அறை. முன்னறை நாய்களுக்கு, பின்னறை அவளுக்கும் மாமியாருக்கும். கீழே வீட்டுக்காரர். போன மாதம் ஒரு நாய் ஊளையிட்டபோதே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை ஊளை கேட்டுச்சுன்னா, நாய் வேணுமா வீடு வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோம்மா.”

இந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரம்மா தன் நாய் குண்டனைக் கொண்டுவந்து விட்டார். ஆள்தான் குண்டன், மனசு கோழிக்குஞ்சு. தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி ஊரைக் கூட்டிவிடுவான். டாக்டரம்மா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும் கொடுத்தார்.

“என் வாசனை இருந்தா அடங்கி இருப்பான். இதை மட்டும் துவைச்சிடாதீங்க அக்கா.”

அக்கா சட்டையை விரித்துப் போட்டுவிட்டுப் படியில் போய் நிற்பாள். உடனே திரும்பி வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினாள். குண்டன் சட்டையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தான். அந்தத் தைரியத்தில் ஒருநாள் காலையில் கடைக்கே போனாள். திரும்பும்போது தெருமுனையிலேயே ஊளை கேட்டது.

ஓட்டமாக ஓடி வந்தாள். கொடியில் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. மாமியாருக்கு நாயும் ஆகாது, அழுக்கும் ஆகாது. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

“என்ன அத்தை இது?”

“அடுத்தவங்க துணிய அழுக்கோடவா திருப்பிக் குடுப்பே? அலசிப் போட்டேன். சட்டையத்தானே துவைச்சேன், நாயையா துவைச்சேன்?”

கீழிருந்து குரல் வந்தது. “சாயங்காலம் மேல வரேன். அப்பவும் அது கத்திட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்!”

மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வாடா, கச்சேரி போதும்.”

குண்டன் அவருடைய நைட்டியை மேலும் கீழும் மோந்து பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டான்.

“ஐயோ, எச்சில்!” என்று அலறினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

சொன்னபடி சாயங்காலம் வீட்டுக்காரர் படியேறி வந்தார். நாற்காலியில் மாமியாரும் தரையில் குண்டனும் போட்டி போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்தச் சத்தம் பரவாயில்லை” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா கடைக்குப் போனால் அந்த நைட்டிதான் குண்டனுக்குத் துணை.

டாக்டரம்மா அழைத்துப்போக வந்த அன்று மாமியார் ஒரு பையை நீட்டினார்.

“கிளினிக்குக்குப் போறப்ப இதை விரிச்சுப் போட்டுட்டுப் போ. துவைச்சுகிவைச்சுடாதம்மா!”