பின்னால் நிற்கிறவள்

அந்தக் குடோனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. ‘பாரம் அக்கா’ என்றால்தான் தெரியும். கனத்த உடம்பு. அந்த உடம்புக்காகப் பள்ளிக்கூடத்தில் அழுதாள், புகுந்த வீட்டில் அழுதாள். குடோனில்தான் முதன்முதலாக அது வேண்டும் என்று கேட்டார்கள்.

எதற்கென்று சொன்னால் உங்களுக்கு மனம் பொறுக்காது. லாரியிலிருந்து சரக்கு இறக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டின் பின்பக்கம் கனத்த இரும்புப் பாளம் இருக்கும். முன்னால் இரும்புக் கைகள் தூக்கும் சுமைக்கு அதுதான் ஈடு. சுமை அளவு மீறினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்கு சூப்பர்வைசர் ஒரு வழி வைத்திருந்தார்.

“பாரம் அக்கா, கொஞ்சம் வந்து பின்னாடி ஏறுங்க.”

லேபிள் ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து, பாளத்தின் மேல் ஏறி நிற்பாள். வண்டி அடங்கிவிடும்.

“அண்ணி, காலையில நல்லா சாப்பிட்டீங்கல்ல? இல்லாட்டி வண்டி தூக்கிடும்,” என்பான் ஓட்டுகிறவன். அவள் கொழுந்தன்தான். கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

“உங்கண்ணன் மிச்சம் வச்சாத்தானே சாப்பிட?”

சிரித்துக்கொண்டே ஏற அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. உள்ளே, டீசல் வண்டி திரும்பவே முடியாத ஒடுக்கமான ரேக் சந்துகளில், ரீச் டிரக் என்ற பேட்டரி வண்டி ஓடும். நின்ற இடத்திலிருந்தே கைகளை நீட்டி, கூரையை ஒட்டிய தட்டிலிருந்தும், சரக்கு அடுக்கிய பேலட் பலகையைப் பூப்போல இறக்கிவிடும். சாப்பாட்டு வேளையில் அவள் அதன் பக்கத்தில்தான் உட்காருவாள். அதை ஓட்டும் பயிற்சிக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். பின்னால் நின்றே பழகியவளுக்கு ஒரு இருக்கை. வேறென்ன கேட்டாள் அவள்?

அன்று ஒரு பெரிய மோட்டார் பெட்டி வந்தது. சூப்பர்வைசர் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டார்.

“இது தாங்காதுப்பா,” என்றாள் கொழுந்தனிடம்.

“அதான் நீங்க இருக்கீங்களே அண்ணி.”

பெட்டி உயர்ந்தது. வண்டி முன்பக்கமாகக் குப்புறச் சாய, பெட்டி சரிந்து விழுந்தது. மேலே போன பின்பக்கம் தடாலென்று இறங்கியது. தூக்கி எறியப்பட்டவளின் கணுக்கால் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கணவன் வந்தான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“நாளைக்கு மேலிடத்துலேர்ந்து விசாரிக்க வர்றாங்க. நீயாத்தான் ஏறினேன்னு சொல்லிடு.”

“ஏறச் சொன்னது யாரு? ஓட்டினது யாரு?”

“தெரியுது. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. சூப்பர்வைசரும் வெளியில நிக்கிறார். நீ இப்படிச் சொன்னா, உன் டிரெய்னிங்குக்கு அவர் பொறுப்பாம்.”

“அப்ப என் காலு?”

“காலு ஆறிடும்டி. வேலை போனா வருமா?”

மறுநாள் வந்த அதிகாரி நல்ல மனிதர். நிதானமாக, மறுபடியும் மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “யாரும் சொல்லலை சார். நானாத்தான் ஏறினேன்.”

கால் ஓரளவு ஊன்ற வந்ததும் வேலைக்குப் போனாள். முதல் வேலையாகப் பயிற்சியைப் பற்றிக் கேட்டாள்.

“எப்படிக்கா குடுக்கறது?” சூப்பர்வைசர் தன் நகங்களைப் பார்த்தார். “தானா ஏறி விதியை மீறினவங்களை இனிமே எந்த மெஷின்லயும் விடக்கூடாதுன்னு உத்தரவு. நீங்க சொன்னதை வச்சுத்தானே போட்டிருக்காங்க.”

அந்த இடம் கொழுந்தனுக்குப் போயிருந்தது. ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு, வீட்டில் ஒருவரும் அவளிடம் மூச்சு விடவில்லை. அவனுக்கு மட்டும் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

ரீச் டிரக் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றது.

“அண்ணி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. சாயங்காலம் பைக்ல நானே கொண்டுபோய் விடறேன்.”

“வேண்டாம்ப்பா. உன் வண்டியில ஏறினது போதும்.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அடுத்த பேலட்டை நோக்கி நடந்தாள். நடை மெதுவாக இருந்தது. வழி விடச் சொல்லி அவன் ஹாரன் அடித்தான்.