மாரிக்கண்ணனுக்கு ஏற்ற கம்பு

தாராவியில் பழைய பிளாஸ்டிக் வாங்கும் கோடவுன்கள் பக்கம் மாரிக்கண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடமாக ஒரே இடத்தில் நின்று எடை போடுகிற மனிதர். காலி எண்ணெய் டின், உடைந்த நாற்காலி, ஷாம்பு பாட்டில் மூட்டை என்று எது வந்தாலும் முதலில் ஒரு பார்வை பார்ப்பார். "முப்பத்தெட்டு" என்பார். பிறகுதான் காண்டாவில் ஏற்றச் சொல்வார். காண்டா என்றால் பம்பாயில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. அதுவும் முப்பத்தெட்டு என்றுதான் சொல்லும். அரைக் கிலோ முன்னே பின்னே வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க மனிதர் உம்மென்று இருப்பார். நாற்பத்தேழு வயதில் ஒருவர் கர்வப்பட ஏதாவது ஒன்று வேண்டாமா, அவருக்கு இது.

அப்படிப்பட்டவரை ஒரு குழாய்த் துண்டு வம்புக்கு இழுத்தது. போன வருடம் ஏதோ ஒரு மூட்டையில் வந்தது அது. ஃபைபர் குழாய், இரண்டாள் நீளம், ஒரு முனை நார் நாராகக் கிழிந்து ஒடிந்திருந்தது. உருக்கவும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனால் அதன்மேல் ஒட்டியிருந்த லேபிளில் எழுபது கிலோ என்று போட்டிருந்தது. மாரிக்கண்ணன் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றரைக் கிலோகூடத் தேறாது.

"எவம்ல இதுல எழுபதுன்னு ஒட்டுனது" என்று கோடவுனில் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தார்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் தினமும் காலையில் மாட்டுங்காவில் ஒரு மைதானத்துக்கு ஓடப் போய்க்கொண்டிருந்தார். மறுநாள் அந்தக் குழாயையும் தோளில் வைத்துக்கொண்டு போனார். அங்கே ஸ்ரீலேகா இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், முப்பது வயது இருக்கும், காலேஜ் நாளில் போல்வால்ட், அதாவது கோலூன்றித் தாண்டுதல் செய்தவள். பள்ளி தொடங்குவதற்கு முன் அந்த மைதானத்தில் ஆர்வமாக வருகிற யாருக்கும் கம்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

"அங்கிள், இது கம்போட வெயிட் இல்ல" என்றாள். "தாண்டற ஆளோட வெயிட். எழுபது கிலோ வரைக்கும் இருக்கறவாதான் இதை எடுக்கலாம். அதுக்கு மேல இருக்கறவா எடுத்தா கம்பு ரொம்ப வளையும். ஒரு நாள் படக்குன்னு ஒடிஞ்சிடும்."

"அப்ப இது?"

"யாரோ தன் வெயிட்டைக் கொறச்சுச் சொல்லிருப்பா."

மாரிக்கண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடுவதற்கு முன்னால், தாண்டுவதற்கு முன்னால், ஆளைச் சரியாக நிறுக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு கேட்கிறது. இது இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று நினைத்தார். கூச்சப்படாமல் அங்கேயே கேட்டார். "எனக்குச் சொல்லித் தருவியாம்மா?"

"உங்க வெயிட்டைச் சரியாப் பார்த்துண்டு வாங்கோ. கம்பு நான் தரேன்."

சரியாகப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லி இவரிடமா கேட்பது. மறுநாள் கோடவுனை முதல் ஆளாகத் திறந்தார். காண்டாமேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பெரிய தகரப் பெட்டியை முந்தின நாள் கழுவி ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் வெறும் மேடைமேல் ஏறி நின்று தராசுக் கம்பியில் எடைக் குண்டை நகர்த்தினார். அறுபத்தைந்து. எட்டு மாதம் முன்பு டாக்டரிடம் எழுபத்திரண்டு இருந்தது. ஏழு கிலோ இறங்கிவிட்டார். அதற்கேற்றாற்போல் பேண்ட்டும் இடுப்பில் பிடிக்காமல் சௌகரியமாகத்தான் இருந்தது.

வீட்டில் மனைவி முப்பிடாதியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆறாவது இட்லியை அவர் தட்டில் வைத்துக்கொண்டே, "அப்படியா, சந்தோசம்" என்றாள்.

மைதானத்துக் கொட்டகையில் மூன்று கம்புகள் இருந்தன. அறுபது, அறுபத்தாறு, எழுபத்தைந்து. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் தன் எடைக்குச் சமமான கம்பையோ, கொஞ்சம் கூடுதலானதையோதான் எடுக்க வேண்டும், குறைந்ததைத் தொடவே கூடாது என்று ஸ்ரீலேகா சொன்னாள். அறுபத்தாறு மாரிக்கண்ணனுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. முதல் மாதம் நடந்துபோய்க் கம்பை ஊன்றினார், மணலில் தொங்கி இறங்கினார். பிறகு பிடியைத் தாழ்வாக வைத்து மெத்தையில் விழுந்தார். எல்லாம் நன்றாகப் போயிற்று. மூத்தோர் தடகளப் போட்டிக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் அவர் பெயரை ஸ்ரீலேகா கொடுத்தாள். அந்தப் பிரிவில் போல்வால்ட்டுக்கு மொத்தம் இரண்டு பேர். குறுக்குக் குச்சியைத் தட்டாமல் ஒரு தடவை தாண்டினாலே மெடல் என்று கோடவுன் முழுக்கச் சொல்லிவிட்டார் மாரிக்கண்ணன்.

பிடி உயர்ந்து, ஓட்டம் நீண்டதும்தான் கம்பு தன் குணத்தைக் காட்டியது. ஊன்றியதும் அது கிரீச்சென்று முனகிக்கொண்டு தரையைத் தொடப்போவதுபோல் வளைந்தது. அவரை அள்ளிக்கொண்டுபோய் மெத்தையின் கடைசி ஓரத்தில் எறிந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பாதி உடம்பு மெத்தையில், பாதி மண்ணில். முழங்கை உரிந்துவிட்டது. இன்னும் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் கழுத்துதான்.

ஸ்ரீலேகா ஓடி வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அங்கிள், நீங்க ஓடற வேகத்துக்கு இது இவ்வளவு வளையவே கூடாது. வெயிட் சரியாத்தானே பார்த்தேள்?"

"என் தொழிலே அதாம்மா" என்றார் மாரிக்கண்ணன். கொஞ்சம் கோபமும் வந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோதும் மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

"அப்போ கம்புதான் போயிடுத்து. பழசு. வாஷியில ஒரு கிளப்புல வேற அறுபத்தாறு இருக்கான்னு கேக்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா உங்க பேரை எடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்கோ."

மூன்று நாள் மாரிக்கண்ணன் மைதானத்துப் பக்கம் போகவில்லை. தனக்கு இந்த வேலை வராது, உடம்பில் ஏதோ கோளாறு, அதனால்தான் கம்பு தன்னைத் தூக்கி எறிகிறது என்று நினைத்தார். வீட்டில் அந்த ஒடிந்த குழாய் வேறு. உயரத்துக் கொடியில் துணி போடுவதற்கு வசதியாக இருக்கிறதென்று முப்பிடாதி அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அதன் கிழிந்த முனை நேராக அவர் கண்ணில் படும். எழுபது என்ற லேபிளைப் பற்றியும், கூடுதல் எடைக்காரன் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் அவர்தான் ஒரு காலத்தில் உற்சாகமாக அவளுக்கு விளக்கியிருந்தார்.

"பயமா இருந்தா விட்டுருங்க" என்றாள் அவள்.

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்கீய?"

வியாழக்கிழமை காலை அபுதாஹிர் கைவண்டியில் பாட்டில் மூட்டைகளோடு வந்தார். பத்து வருடப் பழக்கம். முதல் மூட்டையைக் காண்டாவில் ஏற்றினார்கள். மாரிக்கண்ணன் குண்டை நகர்த்திப் பார்த்து, "முப்பத்தொண்ணு" என்றார்.

அபுதாஹிர் சிரித்தார். "மாரி பாய், தபியத் டீக் ஹை நா? உடம்பு நல்லாத்தானே இருக்கு? அது நாப்பதுன்னு நீங்களே இப்பத்தான் பார்த்துச் சொன்னீங்க."

அது உண்மைதான். கண் நாற்பது என்றது, காண்டா முப்பத்தொன்று என்கிறது. "என் காண்டா பொய் சொல்லாது பாய்" என்றார் மாரிக்கண்ணன், விறைப்பாக.

"பொய் சொல்லாது. பெட்டி எங்க?"

மாரிக்கண்ணன் காண்டாவைப் பார்த்தார். மூட்டை வெறும் மேடைமேல் இருந்தது. அடி ஓட்டையாகிவிட்டதென்று காலையில் அவர்தான் அந்தத் தகரப் பெட்டியை வெல்டிங்குக்கு அனுப்பியிருந்தார். எந்தச் சரக்கும் அந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் நிறுக்கப்படும். பெட்டி ஒன்பது கிலோ. அந்த ஒன்பதைக் கழித்துக்கொண்டு சரக்கின் எடையை மட்டும் சொல்லும்படி அந்தக் காண்டாவை என்றோ திருத்தி வைத்திருந்தார்கள். பெட்டி இருந்தால் அது சத்தியவான். பெட்டியை எடுத்துவிட்டால், ஏறுவது எதுவானாலும், ஒன்பது கிலோவை விழுங்கிவிட்டுத்தான் சொல்லும்.

ஏறுவது எதுவானாலும்.

அன்று காலை அதற்கு முன் ஏதோ யோசனையில் கண்ணால் பார்க்காமலே நிறுத்திருந்த இரண்டு மூட்டைகளை முதலில் திரும்ப நிறுத்து, சீட்டைத் திருத்திக் கொடுத்தார். ஆயிரம் தலைபோகிற காரியம் இருந்தாலும் அது முதல். பிறகு காண்டாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே ஏறி நின்றார். குண்டை நகர்த்தினார். எழுபத்திநாலு.

ஏழு கிலோவும் இறங்கவில்லை, ஒரு மண்ணும் இறங்கவில்லை. இரண்டு ஏறித்தான் இருந்தது. அந்த எழுபத்திநாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை முழு ஓட்டத்தோடு அறுபத்தாறு கம்பில் ஏறியிருக்கிறார். அது முனகியதே தவிர ஒடியவில்லை. மாரிக்கண்ணன் பாட்டில் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் வியர்த்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு நிம்மதி ஏறி வந்தது. உடம்பில் கோளாறு இல்லை, கம்பிலும் கோளாறு இல்லை. தனக்கு வராத வேலையும் இல்லை.

"க்யா ஹுவா?" என்றார் அபுதாஹிர்.

"ஒண்ணுமில்ல பாய். கழுத்து இருக்கான்னு பார்த்தேன்."

இதை ஸ்ரீலேகாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. எழுபத்தைந்து கம்பையே எடுத்துப் பார்க்கலாமே என்று சும்மா கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்றுகூட வழியெல்லாம் யோசித்தார். வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போனபோது அவள் அந்த அறுபத்தாறைத் தனியே கிடத்தி, விரிசல் இருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு மறைக்க மனம் வரவில்லை.

"அது நல்ல கம்பும்மா" என்றார். "எடைதான் பொய். நாந்தான் தப்பா நிறுத்தேன்." பெட்டிக் கதையை முழுக்கச் சொன்னார்.

ஸ்ரீலேகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். "மூணு நாளா நான் தூங்கல அங்கிள். என்னால ஒருத்தர் செத்துப் போயிருப்பார்னு" என்றாள். அப்புறம் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எழுபத்தஞ்சை எடுத்துண்டு வாங்கோ."

எழுபத்தைந்து சுலபத்தில் வளைகிற ஆசாமி இல்லை. முதல் தடவை அது அவரை மேலே ஏற்றவே இல்லை, வந்த வழியே பின்னால் தள்ளி நிறுத்தியது. அப்படித் தள்ளினால் பரவாயில்லை, பிடியை இரண்டு கை இறக்குங்கள் என்றாள் அவள். இறக்கினார். ஓடினார். ஊன்றினார். இந்த முறை முனகல் இல்லை. கம்பு நிதானமாக நிமிர்ந்து அவரைக் கொண்டுபோய் இறக்கியது. அவர் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தார். நான்கு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓரம் எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு முப்பிடாதியும் தூக்குச்சட்டியோடு வந்திருந்தாள். கம்பு மாறிவிட்டது, இனி பயமில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஸ்ரீலேகா இப்போது யார் சொல்லையும் நம்புவதாக இல்லை. பையிலிருந்து சின்ன எடை மிஷினை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வேறு வழியில்லாமல் மனைவிக்கு எதிரிலேயே ஏறி நின்றார். எழுபத்திநாலு.

"எறங்கவே இல்ல முப்பிடாதி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "காண்டா தப்பாக் காட்டிட்டு."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஒங்க பேண்ட் இடுப்ப ரெண்டு தடவ பிரிச்சு விட்டது யாரு?"

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா ஓடுறத விட்டுருவீயன்னு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிழிந்த முனை அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அப்ப இத்தன நாளா இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அந்த அறுபத்தாறுலயா ஏறுனீய?"

"இப்ப எழுபத்தஞ்சு" என்றார் மாரிக்கண்ணன். பெயரைக் கூப்பிட்டார்கள், போனார்.

முப்பிடாதி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். ஓடி வரும் காலடி கேட்டது, கம்பு ஊன்றுகுழியில் இடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு மெத்தையில் தொப்பென்று ஒரு சத்தம். நாலு பேர் கைதட்டினார்கள். குறுக்குக் குச்சி விழுந்ததா இல்லையா என்று அவள் கேட்கவில்லை.

"எங்க விழுந்தீய?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"நட்ட நடுவுல."

அவள் கண்ணைத் திறந்தாள். நட்ட நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். மேலே குச்சி அசையாமல் இருந்தது.

"சரி, எறங்கி வாங்க" என்றாள் முப்பிடாதி, தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே. "இன்னைக்கி நாலு இட்லிதான் கொண்டாந்திருக்கேன்."