ஷெவந்தா எழுப்பிய ஈக்கள்

சங்கடஹர சதுர்த்தியன்று நிலவைப் பார்க்கும்வரை எனக்குப் பச்சைத் தண்ணீர்தான். அந்த நாட்களில் பழ ஈக்களுக்குக் கூழ் காய்ச்சும் வேலையை ஷெவந்தாவே எடுத்துக்கொள்வாள். "சோப்புத் தண்ணி என் கைக்கு ஆகல, நீ குப்பி கழுவு" என்பாள். சோளமாவும் வெல்லமும் கொதிக்கிற வாசனை என் பசியைக் கிளறக்கூடாதென்றுதான் அந்தப் பொய். எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆயிற்று.

மும்பையில் கடலை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலைக்காரிகள். அவள் கோலிவாடா மீனவக் குப்பத்து மீன்காரி மகள். அங்கே ஈக்களை ஆராயும் மிதிலா டாக்டரம்மாவிடம் தனி ஜாதி ஈ ஒன்று இருந்தது. மொத்தமே ஆறு குப்பி.

ஒரு மே மாதம் அவர் புனே போயிருந்தார். மத்தியானம் கரண்ட் போய், ஏசி நின்று, அறை வெந்தது. போய்ப் பார்த்தால் ஆறு குப்பியிலும் ஈக்கள் அடியில் விழுந்து கிடக்கின்றன. செத்த ஈயை எண்ணெயில் கொட்டுவது எங்கள் வழக்கம். என் பொறுப்பில் செத்துப்போச்சே, வேலை போகுமே என்று அழுதுகொண்டே ஒரு குப்பியைக் கொட்டிவிட்டேன். இரண்டாவதைத் திறக்கையில் ஷெவந்தா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அடி பைத்தியமே, மயங்குனதுக்கும் செத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதா? வை கீழ!"

மண்பானைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, குப்பிகளை நிறுத்தி, ஈரத்துணி சுற்றினாள்.

"இதுங்களுக்குச் சூடு ஆகாது, குந்தா. நரம்பு நுனியில குட்டிக் குட்டிப் பையில மருந்து இருக்குமாம். அந்தப் பை நரம்போட விளிம்புல ஒட்டி மருந்தக் கொட்டினாத்தான் றெக்கை அசையும். காலிப் பையை நரம்பு உள்ள இழுத்து, கிள்ளி எடுத்து, திரும்ப ரொப்பி வச்சுக்கும். இந்த ஜாதிக்குச் சூட்டுல அந்தக் கிள்ளு மட்டும் வராது. இருக்கற பை தீர்ந்ததும் பொத்துன்னு விழுந்துடும்."

"உனக்கு யாருடி சொன்னா?"

"டாக்டரம்மாதான். கூழ் கிண்டறப்ப வாய மூடிட்டா இருப்பேன்?"

"கணபதியப்பா, எழுப்பிவிடு" என்றேன்.

"அவருக்கே வேர்க்குது, பாவம். நீ விசிறு" என்று ஓர் அட்டையை நீட்டினாள்.

விசிறினேன். ஒரு கால் உதறியது. பிறகு ஒன்று எழுந்து தடுமாறி நடந்தது. ஐந்து குப்பியும் எழுந்துவிட்டன. எண்ணெயில் போனது போனதுதான்.

டாக்டரம்மா வந்ததும், நான் வாய் திறக்குமுன், "நாங்க ரெண்டு பேரும் ஒரு குப்பியக் கொட்டிட்டோம்" என்றாள். அவர் குப்பிகளை எண்ணிப் பார்த்தார். "அஞ்சு இருக்குல்ல" என்றார்.

ஷெவந்தா ஓய்வு பெற்று மகனிடம் அலிபாக் போனாள். அந்த வருஷ மழைக்காலத்திலேயே சாமியிடமும் போய்விட்டாள். அலிபாக் படகில் ஏறுமுன், துறையில் என் கன்னத்தைத் தட்டி அவள் சொன்னது:

"இன்னும் அந்த ஒரு குப்பிக்காகச் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டா இருக்கே? போதும்டி. மிச்ச அஞ்சோட பேரப்புள்ளைங்க பசியா இருக்கும். போய்க் கூழ் வை."